ரமீரோ விட்டுப்போன ரப்பர் மீன்கள்

டெல்ஃபினா அர்விசு முதன்முதலாக எங்கள் படகுத்துறைக்கு வந்தபோது மீன் பிடிக்கும் எண்ணமே அவளுக்கு இல்லை. இரண்டு பெட்டி நிறைய ரப்பர் மீன்களை ஏரியில் கொட்டிவிட்டுப் போக வந்திருந்தாள்.

கோல்டர் ஏரியில் படகு வாடகைக்கு விடும் கொட்டகை அப்போதே என் பொறுப்பில்தான் இருந்தது. ஜனவரிக் காலை. மலைச்சரிவில் வெயில் இறங்கியிருந்தாலும் தண்ணீர் மேல் பனிப்புகை இன்னும் கலையவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் நீலச் சட்டையும், ராவேலை முடித்த சிவந்த கண்களுமாக ஒரு பெண் துறையின் கடைசிப் பலகை வரை நடந்து போனாள். பெட்டிகளைக் கீழே வைத்தாள். மூடியைத் திறந்து முழங்கை நீள ரப்பர் மீன் ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கினாள்.

நான் ஓடினேன்.

"அம்மா, நில்லுங்க, நில்லுங்க. இது ஊருக்குக் குடிதண்ணி. இதுல குப்பை போடக் கூடாது."

"குப்பைன்னு நீங்களே சொல்லிட்டீங்க."

"அப்ப அந்தக் குப்பைத்தொட்டில போடுங்களேன்."

"அதுல போட்டா மனசு ஆறாது. தூரமா வீசணும்." கையிலிருந்த ரப்பர் மீனை என் முகத்துக்கு நேரே ஆட்டினாள். "என் வீட்டுக்காரன் நான் தட்டு கழுவற இடத்துல இதுங்களைக் குளிப்பாட்டுவான். என் பாத்திரத்துக்குப் பக்கத்துல வரிசையாக் காய வைப்பான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீ சாப்ட்டியான்னு என்னைக் கேட்டதில்ல. இப்ப எவளோடயோ நெவாடாவுக்குப் போயிட்டான். படகை இழுத்துக்கிட்டுப் போயிட்டான். இதுங்களை என் தலைல கட்டிட்டான்."

பெட்டியின் மேல் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தேன். ரமீரோ. எனக்குத் தெரிந்தவன்தான். எங்கள் ஏரியில் பிடித்த மீனைவிட அவன் பேசிய பேச்சு நீளம்.

கொட்டகையிலிருந்து ஒரு தடித்த தூண்டில் கோலை எடுத்து வந்தேன். "வீசித்தான் ஆகணும்னா தூண்டில் நரம்புல கட்டி வீசுங்க. இழுத்து எடுத்துத் திரும்பவும் வீசலாம். இந்தக் கோபம் ஒரே வீச்சுல தீரும்னு எனக்குத் தோணல."

சற்று யோசித்தாள். பிறகு கோலை வாங்கிக்கொண்டாள்.

முதல் வீச்சு காலடியிலேயே விழுந்தது. இரண்டாவது என் தொப்பியைத் தட்டிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை. கை தூக்க முடியாமல் போகும் வரை வீசினாள். முடிந்ததும் பலகையில் உட்கார்ந்து மடியில் கோலை வைத்தபடி வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிகளைத் திரும்ப வண்டியில் ஏற்றும்போது, "அடுத்த வாரமும் திறந்திருப்பீங்கல்ல, வென்டல்?" என்று கேட்டாள். என் சட்டையில் இருந்த பெயரைப் படித்திருக்கிறாள்.

அப்படி ஆரம்பித்தது. எத்தனையோ குளிர்காலம் அப்படியே ஓடியது.

குளிர்காலத்தில் வியாழன்தோறும் லாரி வந்து பண்ணையில் வளர்த்த டிரவுட் மீன்களை ஏரியில் இறக்கும். சனி, ஞாயிறில் குடும்பம் குடும்பமாக வந்து அவற்றைப் பிடித்துப் போவார்கள். அவர்கள் பிடித்தது போக மீந்ததைத் தின்றுதான் எங்கள் ஏரியின் பாஸ் மீன்கள் கொழுத்தன. வாயைத் திறந்தால் உள்ளே ஒரு செம்பை வைக்கலாம். அந்த வாய்க்கு விரல் நீளப் புழுவைக் காட்டினால் திரும்பிக்கூடப் பார்க்காது. டிரவுட் நீளத்தில், டிரவுட் நிறத்தில், டிரவுட் மாதிரியே வாலாட்டும் ஒன்றைக் காட்ட வேண்டும். ரமீரோவின் பெட்டிகளில் இருந்தவை அப்படிப்பட்டவைதான்.

அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, எனக்கே அரைகுறைதான். தப்புத்தப்பாகச் செய்து தானே தெரிந்துகொண்டாள். ஒரு மாதம் முழுக்க அவளுடைய ரப்பர் மீன் செத்த மீன் போல ஒருக்களித்தே வந்தது. தூண்டில் முள் நடுமுதுகில் வராமல் மயிரிழை தள்ளி வெளியே வந்தால் போதும், உடம்பு சாய்ந்துவிடும் என்று கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு புதிதாக எதை மாட்டினாலும் முதலில் படகோரமாக இரண்டு முழம் இழுத்துப் பார்ப்பாள். தலை நேராக வர வேண்டும். வால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடிக்க வேண்டும். இல்லையென்றால் பிடுங்கி மறுபடி மாட்டுவாள்.

பாசி மண்டிய இடமென்றால் வயிற்றில் ஈயம் கட்டிய ஒற்றை முள். அதன் நுனி ரப்பருக்குள்ளேயே ஒளிந்திருக்கும், செடியில் சிக்காது. லாரி வந்து போன மறுநாள், புது டிரவுட்டுகள் வழி தெரியாமல் மேலேயே சுற்றும்போது, மிதக்கும் வகை. பனி விழுந்த காலையில், மீன் அணைக்கட்டுக் கல்லடியில் அசையாமல் கிடக்கும்போது, மெல்ல மெல்ல அமிழும் வகை. நரம்பைச் சுருட்டுவதிலும் அவசரம் கூடாது. ரீல் சுற்றும் கை தூங்கிப்போய்விட்டதோ என்று பார்ப்பவனுக்குத் தோன்ற வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் பெரும்பாலும் வெறுங்கைதான். பெரிய ரப்பர் மீன் வீசுகிறவர்களின் விதி அது. வாரக்கணக்கில் ஒன்றுமே கடிக்காது. சில நாள் மீன் வந்து தொட்டுவிட்டுப் போகும். பின்னாலேயே படகு வரை வந்து, முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். அதுதான் எல்லாவற்றிலும் கொடுமை.

"எதுக்கும்மா இந்தப் பாடு?" என்று ஒரு நாள் கேட்டேன். ராமுழுக்க ஈரத்துணி தூக்கிய தோள். அதே தோளால் செங்கல் கனத்துக்கு ஒன்றை விடியலிலிருந்து வீசிவிட்டு, துறையில் உட்கார்ந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்குப் போனா தூங்கணும். தூங்கினா எழுந்திருக்கணும். எழுந்தா வேலைக்குப் போகணும்," என்றாள். "இங்க வந்தா இதெல்லாம் கொஞ்சம் தள்ளிப்போகுது. அவ்வளவுதான்."

"மீனுக்காக இல்லையா?"

"மீனும்தான். ஆனா அதுக்கு என்னைப் பிடிக்கல போலிருக்கு."

பிடிக்காமலும் இல்லை. வருஷத்துக்கு ஒன்றிரண்டு வரும். வந்தால், வாரக்கடைசிக்கு விலையுயர்ந்த படகோடு வருகிற ஆட்கள் படத்தைப் பார்த்து வாய் திறந்து நிற்கும் அளவுக்கு இருக்கும். அவள் எடை போட மாட்டாள். என்னைக் கூப்பிட்டு ஒரு படம் எடுக்கச் சொல்லிவிட்டு, கீழ்த்தாடையைப் பிடித்தபடி தண்ணீரில் முன்னும் பின்னும் ஆட்டி, மூச்சு வந்ததும் விட்டுவிடுவாள்.

ரமீரோ திரும்பி வந்ததும் ஒரு ஜனவரியில்தான்.

வாடிக்கையாளர் யாருமில்லாத திங்கட்கிழமை. ஒரு வண்டி அவனைக் கொட்டகை வாசலில் இறக்கிவிட்டுப் போனது. அவனுடைய அக்கா, பார்ஸ்டோ ஊரிலிருந்து கூட்டி வந்தவள், மதியம் வந்து அழைத்துப்போவதாகச் சொல்லிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்விட்டாள். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஆள் பாதியாகியிருந்தான். கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்தபோதுதான் அது ஏன் உள்ளே இருந்ததென்று புரிந்தது. விரல்கள் ஒரு நிமிஷம் நிற்கவில்லை. காபிக் கோப்பையைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்தான், அப்படியும் பாதி சட்டையில் சிந்தியது.

"வருவாளா இன்னிக்கு?" என்று கேட்டான்.

"வருவா. உன்னைப் பார்த்ததும் திரும்பிப் போனாலும் போவா."

அவள் திரும்பிப் போகவில்லை. பெட்டியோடு நடந்து வந்து அவனெதிரே நின்றாள். முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

"என்ன கிழவி, அடையாளம் தெரியுதா?" என்றான் ரமீரோ.

"படகு எங்கய்யா?"

"வித்துட்டேன்."

"அவ?"

"படகு போறதுக்கு முன்னாடியே போயிட்டா."

"கெட்டிக்காரி," என்றாள் டெல்ஃபினா. "எதுக்கு வந்த? காசு இல்ல எங்கிட்ட. வீட்டுலயும் இடம் இல்ல."

"ரெண்டும் கேட்கல. ஒரு தடவை, ஒரே தடவை, அந்த அணைக்கட்டோரம் உட்காரணும். நீ பெரிய பெரிய மீனாப் பிடிக்கிறயாமே. அங்க பார்ஸ்டோ வரைக்கும் பேசிக்கிறாங்க. என் பெட்டியை வெச்சுக்கிட்டு."

"உன் பெட்டியா?"

தூக்கம் இல்லாத முகம் அவளுக்கு. சண்டை போடவும் ஒரு தெம்பு வேண்டும். அது அவளிடம் இருக்கிறதா என்று அவளே உள்ளே தேடிப் பார்ப்பது போல நின்றாள்.

"படகுல இடம் இருக்கு," என்றாள் கடைசியில். "வாயை மூடிக்கிட்டு உட்காரணும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "வென்டல், நீங்களும் வாங்க. இவன் தண்ணில விழுந்தா நான் குதிக்க மாட்டேன்."

கொட்டகையைப் பூட்டிவிட்டு நானும் ஏறினேன். பின்பக்கம் மோட்டாரருகே நான், நடுப்பலகையில் ரமீரோ, முன்னால் டெல்ஃபினா.

வாயை மூடிக்கொண்டு உட்காருவது ரமீரோவால் முடிகிற காரியமா? துறையை விட்டு நகர்ந்ததுமே தொடங்கிவிட்டான்.

"மிதக்கிறதைப் போடு. அந்தப் பெருசு. இந்த வெளிச்சத்துக்கு அதுதான்."

"லாரி வந்து நாலு நாளாச்சு. மேல ஒண்ணும் இல்ல இப்ப," என்றபடி அவள் பெட்டியின் அடியிலிருந்து வேறொன்றை எடுத்தாள். மற்றவற்றைவிடச் சிறியது. நிறம் மங்கி, தலையில் பல்தடம் பதிந்து, வால் ஒரு தரம் கிழிந்து பசையால் ஒட்டப்பட்டிருந்தது.

"அதுவா? அசிங்கமா இருக்குன்னு நான் கட்டினதே இல்லயே."

"தெரியும். பெட்டில புதுசாக் கிடந்துச்சு."

அந்த மீனுக்கு மூக்கில் நுழைந்து வயிற்றில் வெளியே வரும் ஒரு துளை உண்டு. நரம்பை அதில் கோத்து, வெளியே வந்த நுனியில் மூன்று கொக்கி உள்ள முள்ளைக் கட்டினாள். எச்சில் தொட்டு முடிச்சை இறுக்கினாள். ஒரே ஒரு கொக்கியை மட்டும் வயிற்று ரப்பரில் லேசாகச் செருகினாள். பாஸ் கவ்வியதும் முள் ரப்பரிலிருந்து கழன்று அதன் வாயில் நிற்கும், ரப்பர் மீன் நரம்பிலேயே மேலே வழுக்கிப் போய்விடும். கனமான ரப்பர் வாயில் தொங்கினால் பாஸ் தலையை உதறி முள்ளைக் கழற்றிவிடும். இதில் உதறுவதற்கு அதற்கு ஒன்றும் கிடைக்காது.

ரமீரோ இன்னொன்றை எடுத்துத் தானே முள் மாட்டப் பார்த்தான். ஈயம் கட்டிய ஒற்றை முள். மூக்கில் குத்த வேண்டிய இடத்தில் கட்டைவிரலில் குத்தியது. மறுபடி பார்த்தான். நானும் அவளும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது முறை எப்படியோ உள்ளே போனது. வீசினான். படகோரம் வரும்போது அது முழுக்கச் சாய்ந்து, வயிறு தெரிய வந்தது.

"உன்னை மாதிரியே ஒரு பக்கமாப் போகுது பாரு," என்றாள் டெல்ஃபினா.

அவன் சிரித்தான். உடம்பே ஆடியது, சிரிப்பிலா நோயிலா தெரியவில்லை. அவள் கையை நீட்டினாள். அவன் கோலைக் கொடுத்தான். முள்ளைப் பிடுங்கி, ரப்பரைப் பல்லிடுக்கில் பிடித்துக்கொண்டு, நடுமுதுகுக் கோட்டில் நேராகச் செருகித் திருப்பிக் கொடுத்தாள். மாட்டி முடிந்ததும் தன் வலது தோளை இடது கையால் பிசைந்துகொண்டாள்.

"தோள் வலிக்குதா?"

"எப்பவும்."

"டாக்டர்கிட்ட..."

"யோவ். வாயை மூடிக்கிட்டு உட்காரச் சொன்னேன்."

அணைக்கட்டுக் கற்களுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். அன்றைக்குக் காற்று படகைக் கல்லின் மேல் தள்ளிக்கொண்டே இருந்தது. என்னால் மோட்டாரை விட முடியவில்லை. அவள் வீசினாள். அமிழ விட்டாள். தூங்குகிற கை போலச் சுருட்டினாள். மறுபடி. மறுபடி. வெயில் ஏறியது. ரமீரோ வீசுவதை விட்டுவிட்டு, கோலைக் காலடியில் கிடத்தி, அவளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தபோது இப்படிப் பார்த்திருப்பானா என்று எனக்குத் தோன்றியது.

கடித்தபோது சத்தமே இல்லை. நரம்பு நின்றது. கல்லில் மாட்டிக்கொண்டது என்றுதான் நினைத்தேன். அவள் கோலை மேலே வாங்கினாள், கல் நகர்ந்தது.

"வென்டல், பின்னால போங்க. பின்னால, பின்னால!"

படகை ஆழத்துக்கு இழுத்தேன். ரீல் முனகியது. அவள் முழங்காலில் இறங்கி, கோலின் அடியை வயிற்றில் ஊன்றிக்கொண்டாள். அந்த மீன் ஒரே ஒரு தரம்தான் மேலே வந்து திரும்பியது. நாங்கள் மூவரும் பார்த்தோம். என் ஆயுசில் அப்படியொன்றை அந்த ஏரியில் நான் பார்த்ததில்லை. ரமீரோ தன் பாஷையில் ஏதோ ஒரு புனிதரைக் கூப்பிட்டான்.

வலை அவன் காலடியில் இருந்தது. நான் மோட்டாரை விட்டால் படகு மறுபடி கல்லுக்குப் போய்விடும். அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே வலைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி எழுந்திருந்தான். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை.

"தலைக்கு முன்னாடி இறக்கு," என்றாள். "துரத்தாத. அதுவா உள்ள வரும்."

மீன் களைத்துப் பக்கவாட்டில் சாய்ந்து வந்தது. ரமீரோ வலையை இறக்கினான். கை ஆடியது. வலையின் விளிம்பு மீனின் வாயோரம் இடித்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த கொக்கி ஒன்று வலைக்கண்ணியில் மாட்டியது. மீன் வெளியே, முள் வலையில். ஒரே உதறல்.

அவ்வளவுதான். அது உடனே ஓடிவிடவில்லை. எங்கள் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றது. பிறகு பச்சைத் தண்ணீருக்குள் மெதுவாக இறங்கிப் போனது.

ரமீரோ வலையைப் பிடித்தபடியே நின்றான். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டெல்ஃபினா கோலைப் படகின் தரையில் வைத்தாள். பலகையில் ஏறி உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் ஒரு தரம் துடைத்துக்கொண்டாள்.

"திட்டு," என்றான் ரமீரோ. "எதாவது சொல்லு கிழவி. அடி. வலையால வேணா அடி."

"பசிக்குது," என்றாள் அவள்.

தன் பையிலிருந்து வெள்ளித்தாளில் சுற்றிய பர்ரீட்டோவை எடுத்தாள். அவித்த பீன்ஸும் முட்டையும் வைத்துச் சுருட்டிய ரொட்டி. இன்னும் சூடு இருந்தது. அதை மூன்றாகப் பிய்த்து எனக்கொன்று கொடுத்தாள். அவன் கையில் கொடுத்தால் விழுந்துவிடும் என்று அவன் பங்கைத் தாளோடு அவன் மடியில் வைத்தாள்.

"நான் போனப்பவும் நீ திட்டல," என்றான் அவன்.

"நீ இருந்தாத்தானய்யா திட்டறதுக்கு? கதவைத் திறந்தேன், கூடம் காலி. யாரைத் திட்ட?"

"இப்ப இருக்கேன்ல."

அவள் மென்று விழுங்கினாள். "இப்ப தெம்பு இல்ல," என்றாள். "சாப்டு. ஆறிப்போகும்."

அவன் சாப்பிட்டான். ஒவ்வொரு கவளமும் வாய்க்குப் போவதற்குள் பாதி உதிர்ந்தது. அவள் அதைப் பார்க்காதது போல அணைக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சற்றுக் கழித்து, கையை மட்டும் நீட்டி அவன் முழங்கையின் அடியில் முட்டுக் கொடுத்தாள். கவளம் நேராக வாய்க்குப் போனது. தீரும் வரை கையை எடுக்கவில்லை, அவன் பக்கம் திரும்பவும் இல்லை.

கரைக்கு வந்ததும் பெட்டிகளை அவன் முன்னால் தள்ளி வைத்தாள். "எடுத்துக்கிட்டுப் போ. உன்னோடதுதானே."

"எந்தக் கையால முள்ளு மாட்டறது? நீயே வெச்சுக்க." கொஞ்சம் யோசித்து, "அந்த அசிங்கத்தை மட்டும் குடு," என்றான்.

"அதைத் தர மாட்டேன். அதுக்குத்தான் கடிக்குது."

அவன் மறுபடி அப்படி ஆடி ஆடிச் சிரித்தான். வெறுங்கையோடு அக்காவின் வண்டியில் ஏறிப் போனான். வண்டி வளைவில் மறைந்ததும் டெல்ஃபினா துறைப் பலகையில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்து நான் கொட்டகைக்குள் போய்விட்டேன். எட்டிப் பார்த்தால், நரம்பு தேய்ந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புது முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு குளிர்காலத்தில் கொட்டகைக்கு அவனிடமிருந்து போன் வரும். அவளுக்கு நேராகப் போட மாட்டான். "தண்ணி தெளிஞ்சிருக்கா? லாரி வந்துச்சா? அவ என்ன கட்டறா?" இவ்வளவுதான் கேட்பான். நான் அவளிடம் போய்ச் சொல்வேன். முதல் தடவை, "நான் செத்துட்டேன்னு சொல்லுங்க," என்றாள். அடுத்த தடவை, "மிதக்கிறதுன்னு சொல்லுங்க. சந்தோஷப்படட்டும்," என்றாள். அன்று அவள் நரம்பில் இருந்தது அமிழும் வகை. இப்படியே இரண்டு குளிர்காலம் போயிற்று. மூன்றாவதில் போன் வரவில்லை. அவன் அக்காவின் எண் என்னிடம் இருந்தது. கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "தெரிஞ்சதைக் கேட்டு என்ன ஆகப்போகுது?" என்றாள். அந்த வாரம் அவள் வேலைக்கு லீவு போட்டு நான்கு நாள் ஏரிக்கு வந்தாள். ஒன்றும் கடிக்கவில்லை.

அவள் தோள் கடைசியில் கைவிட்டது. ஆஸ்பத்திரியில் துணி தூக்கும் வேலையிலிருந்து மடித்து அடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். பெரிய ரப்பர் மீன்களை வீச முடியாமல் போயிற்று. இப்போது உள்ளங்கை நீளத்தில் வெள்ளை நிறத்தில் ஒன்றை, ஈயத்தலை முள்ளில் மாட்டி, உட்கார்ந்தபடியே வீசுகிறாள். சின்ன மீன்கள் நிறையக் கடிக்கின்றன. அவளுக்கு அதில் பெரிய மகிழ்ச்சியும் இல்லை, குறையும் இல்லை.

போன மார்ச்சில் ஒரு நாள், வெயில் உச்சிக்கு வந்த பிறகும் அவள் படகு திரும்பவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. இன்னொரு படகை எடுத்துக்கொண்டு தேடிப் போனேன். நாணல் மறைவில், காற்றுப் படாத மூலையில், நங்கூரம் போட்டு நின்றிருந்தது. டெல்ஃபினா படகின் அடியில் மிதவைச் சட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கூப்பிட வாயெடுத்தேன். பிறகு குறட்டை கேட்டது.

கோல் அவள் கணுக்காலுக்கு அடியில் அழுத்தப்பட்டிருந்தது. நரம்பு தொய்ந்து தண்ணீருக்குள் போயிருந்தது. நான் மோட்டாரை அணைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றேன். என் படகு நாணலில் உரசிய சத்தத்தில் விழித்துக்கொண்டாள்.

"எதாவது கடிச்சுதா?" என்று படுத்தபடியே கேட்டாள்.

"தெரியலம்மா. நான் இப்பத்தான் வந்தேன்."

"நல்லது," என்று சொல்லித் தொப்பியை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.